மனமார வருந்துகிறோம்

லிஃப்ட் பராமரிப்பு நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் அவளுக்கு ‘வருத்தம் மேடம்’ என்று பெயர். வைத்தவர்கள் மெக்கானிக்குகள். யாராவது எங்காவது லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டால் அவர்களுக்கு நிறுவனத்தின் சார்பில் வருத்தம் தெரிவித்துக் கடிதம் எழுதுவதுதான் பத்தொன்பது வருஷமாக அவளுடைய வேலை. பத்து நிமிஷம் மாட்டியவர்களுக்கு ‘வருந்துகிறோம்’. அரை மணி நேரத்தைத் தாண்டினால் ‘மிகவும் வருந்துகிறோம்’. மாட்டியவர் கர்ப்பிணியாகவோ, நோயாளியாகவோ, வக்கீலாகவோ இருந்துவிட்டால் ‘மனமார வருந்துகிறோம்’. இந்த நிறுவையில் இதுவரை அவள் பிசகியதில்லை.

கடிதத்தின் அடியில் அந்தக் கட்டடத்து மெக்கானிக்கின் பெயரைப் போடுவார்கள். இது மேனேஜரின் யோசனை. நிறுவனம் வருந்தினால் யாரும் நம்புவதில்லை, ஓர் ஆள் வருந்தினால் நம்பிவிடுகிறார்கள் என்பது அவர் கண்ட உண்மை. ஒருமுறை ஒரு மெக்கானிக் வேலைக்குப் போன இடத்தில் ஒரு பெரியவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, “தம்பி, நீ எழுதின லெட்டரப் படிச்சேன். இந்தக் காலத்துல தப்ப ஒத்துக்கறவன் யாரு இருக்கான்?” என்று கண் கலங்கிவிட்டார். அவனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. திரும்பி வந்து, “மேடம், நான் யார்கிட்டயாவது வருத்தப்பட்டேனா?” என்று கேட்டான்.

“போன மாசம் நாப்பத்தோரு தடவ பட்டிருக்க” என்றாள் அவள், கணினியிலிருந்து தலையை எடுக்காமலே.

புகார் வந்த ஒரு மணி நேரத்துக்குள் கடிதம் போய்விட வேண்டும். லிஃப்ட் சரியாகிவிட்டதா, ஏன் நின்றது என்றெல்லாம் விசாரித்துக்கொண்டு உட்காரக் கூடாது. “சூடா இருக்கறப்பவே தண்ணி ஊத்திடணும்” என்பார் மேனேஜர். அவளும் ஊற்றினாள். கடிதம் போன பிறகு அதே லிஃப்ட் அதே மாடியில் மறுபடி நிற்கும். அவளும் மறுபடி எழுதுவாள்.

ஒரு தொழில் கையில் ஊறிவிட்டால் வீட்டுக்கு வந்த பிறகும் கை சும்மா இருக்காது. தையல்காரி விருந்துக்குப் போனாலும் அடுத்தவள் ரவிக்கையின் தையலைத்தான் பார்ப்பாள். இவள் வீட்டுக்கு வந்தும் வருத்தம் எழுதினாள். அக்கா பெயரில் ஒன்று, தங்கை பெயரில் ஒன்று.

அவர்கள் மூன்று பேர். பெரியவள் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அப்பாவைக் கடைசிவரை வைத்துப் பார்த்தவள் அவள்தான். சின்னவள் இரண்டு மணி நேரப் பஸ் தூரத்தில் இன்னோர் ஊரில் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாள். நடுவில் பிறந்தவள் இவள். நடுவில் பிறந்தவர்களுக்குச் சின்ன வயசிலேயே ஒரு வேலை கொடுத்துவிடுகிறார்கள். “போய் உங்கக்காவ சாப்பிடக் கூப்பிடு”, “தங்கச்சிகிட்ட நான் கோவமா இல்லன்னு சொல்லு.” அப்போது பிடித்த ஓட்டம், நாற்பத்தாறு வயசிலும் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தாள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் அப்பா ஆஸ்பத்திரியில் இறந்தார். சாயங்காலம் ஆறு நாற்பதுக்கு உயிர் போனது. சின்னவளுக்குச் செய்தி போனது ஏழு மணிக்கு. அவள் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, முகத்தை மூடியிருந்தார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, “ஏன் பெரியக்கா என்னைக் கூப்பிடல? அப்பாவ உனக்கு மட்டும்னு வச்சுக்கிட்டயா?” என்று கேட்டாள். மூன்று நாளாகத் தூங்காத பெரியவள், “கூப்பிட்டா மட்டும் ஓடி வந்திருப்பியாக்கும்” என்று சொல்லிவிட்டாள். அதோடு பேச்சு நின்றது. மூன்று மாதம் அக்காளும் தங்கையும் முகம் பார்க்கவில்லை.

மூன்று மாதமும் நடுவுள்ளவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஒருநாள் பெரியவளுக்குப் போன் போட்டு, “அக்கா, சின்னவ அழறா. அன்னிக்குப் பேசினது தப்புதான்னு சொல்றா. நேர்ல சொல்ல வெக்கமா இருக்காம். நீ அதப்பத்தி அவகிட்ட எடுக்காத” என்றாள். பத்து நிமிஷம் கழித்துச் சின்னவளுக்குப் போன் போட்டு, “பெரியக்கா மனசு உடைஞ்சு போச்சுடி. ‘அவளக் கூப்பிடாம விட்டது என் தப்பு’ன்னு ஒரே அழுகை. நீ தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத” என்றாள். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்து வைக்கலாம் என்பார்கள். இவளுக்கு இரண்டே பொய்யில் காரியம் முடிந்தது. அடுத்த வாரமே இருவரும் இவள் வீட்டில் ஒன்றாகச் சாப்பிட்டார்கள். அன்றிலிருந்து மாதத்தின் முதல் ஞாயிறு இவள் வீட்டில்தான். அக்கா தங்கைகள் கூடும் நாளில் இவள் புருஷனுக்கு மட்டும் எப்படியோ வெளியில் ஒரு வேலை வந்துவிடும்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் குட்டு உடைந்தது.

சாப்பிட்டு முடித்திருந்தார்கள். பெரியவள் தொட்டியடியில் பாத்திரம் தேய்த்தாள். சின்னவள் பக்கத்தில் நின்று துடைத்து அடுக்கினாள். இவள் சாப்பாட்டு மேஜையை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். பெரியவள் தன் பள்ளிக்கூடத்தில் இரண்டு டீச்சர்கள் ஒரு வருஷமாகப் பேசாமல் இருக்கும் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“கோவத்துல வாய்க்கு வந்தத எல்லாரும் சொல்றதுதான்” என்றாள். “அப்பறம் இறங்கி வரணுமே, அதுதான் யாருக்கும் வரமாட்டேங்குது. நீ எல்லாம் எவ்வளவோ தேவல. எனக்கு மேல கோவக்காரி, ஆனா நீயா மன்னிப்பு கேட்ட பாரு.”

“நானா? எப்ப?”

“அதான், அப்பா போனப்ப பேசினதுக்கு.” பெரியவள் குழாயைத் திருகினாள். “எடுக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன். நாலு வருஷம் ஆச்சே, இனிமே என்ன.”

சின்னவள் சிரித்தாள். “ஐயோ பெரியக்கா, நீதானே அழுதே. என்னைக் கூப்பிடாம விட்டது உன் தப்புன்னு.”

“நான் எப்ப அழுதேன்?”

“சின்னக்கா சொன்னாளே.”

இருவரும் திரும்பினார்கள். மேஜை சுத்தமாகத்தான் இருந்தது. இருந்தாலும் அவள் அதைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“எனக்கும் இவதான் சொன்னா” என்றாள் பெரியவள்.

அவள் சிரிக்கப் பார்த்தாள். அது சிரிப்பாக வரவில்லை. “சரி விடுங்க, யார் சொன்னா என்ன? நாலு வருஷம் நல்லாத்தானே இருந்தீங்க? டீ போடறேன், இருங்க.”

“டீ வேணாம்” என்றாள் சின்னவள். கையிலிருந்த தட்டை அலமாரியில் வைக்காமல் மேடையிலேயே வைத்தாள். “அப்ப பெரியக்கா வருத்தப்படவே இல்ல. நான்தான் லூசு மாதிரி அவ வருத்தப்பட்டான்னு நினைச்சு மாசா மாசம் பஸ் ஏறி வந்துட்டிருக்கேன்.” யாருடைய பதிலுக்கும் காத்திராமல் உள்ளே போய்த் தன் பையை எடுத்து அடுக்கத் தொடங்கினாள். துண்டை உதறி மடிப்பதில் கோபம் கேட்டது. ஐந்து மணிக்கு அவள் ஊருக்குப் பஸ். அப்போது மணி மூன்று.

இப்படியே போனால் அவள் இனி வர மாட்டாள் என்பது நடுவுள்ளவளுக்குத் தெரியும். சின்னவள் ஒரு கடையில் ஒருமுறை ஏமாந்தால் அந்தத் தெருவிலேயே நடக்க மாட்டாள்.

பெரியவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தாள். குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“நீ அவகிட்ட இன்னும் சொல்லவே இல்லையா?”

இவள் ஈரத்துணியை நாலாக மடித்தாள்.

“அவ மன்னிப்பு கேட்டான்னு நீ வந்து சொன்னப்ப நான் என்ன நினைச்சேன் தெரியுமா? நீ உண்மையச் சொல்லிட்ட, அதக் கேட்டுட்டுதான் அவ என்கிட்ட இறங்கி வரான்னு நினைச்சேன். நாலு வருஷமா அப்படித்தான் நினைச்சிட்டிருக்கேன். நீ என்னடான்னா உன் தப்ப என் பேர்ல எழுதிட்ட.”

“அக்கா, மெதுவா பேசு. இப்ப வேணாம். அவ கோவம் தணியட்டும், நான் அப்பறமா போன்ல…”

“போன்ல பேசினதெல்லாம் போதும்.” பெரியவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “நான் சொல்ல மாட்டேன். நீதான் சொல்லணும். நீ சொல்ற வரைக்கும் நான் இங்கேர்ந்து எந்திரிக்கப் போறதில்ல. உக்காரு.”

என்ன உண்மை என்பதை இங்கே சொல்லிவிடுவதுதான் முறை. அப்பா இறந்த அன்று மதியம் மூன்றே காலுக்குப் பெரியவள் இவளுக்குப் போன் செய்தாள். “டாக்டர் கையை விரிச்சுட்டார். நீ கிளம்பி வா. சின்னவகிட்ட நீயே சொல்லிடு, உடனே பஸ் ஏறச் சொல்லு. எனக்குப் பேசத் தெம்பில்ல” என்றாள். இவள் சரி என்றாள். ஆட்டோவில் ஏறிச் சின்னவளின் எண்ணை எடுத்தாள். எடுத்தவள் அழுத்தவில்லை.

அதற்கு மூன்று வாரம் முன்னால்தான் அக்காளும் தங்கையும் அப்பாவின் கட்டிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று சண்டை போட்டிருந்தார்கள். மூக்கு வழியாகக் குழாய் போடலாமா வேண்டாமா என்று ஆரம்பித்த சண்டை, யார் எத்தனை நாள் பார்த்துக்கொண்டார்கள் என்று எங்கெங்கோ போயிற்று. அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். இவளுக்கு அந்த முதுகு மறக்கவில்லை. இன்றைக்கும் அப்படி ஆகிவிட்டால் என்ன செய்வது என்று நினைத்தாள். முதலில் நான் போய்ப் பார்க்கிறேன், பிறகு கூப்பிடுகிறேன் என்று போனைப் பைக்குள் போட்டாள். நாலு மணிக்குப் போய்ச் சேர்ந்தாள். அறை அமைதியாக இருந்தது. அப்பா கண்ணைத் திறந்து பார்த்தார். பெரியவள் அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். சின்னவளுக்குச் சொல்லியாகிவிட்டது என்றே நம்பியிருந்ததால் அவள் எதுவும் விசாரிக்கவில்லை. அரை மணி நேரம், அரையே மணி நேரம், இந்த நிம்மதி இப்படியே இருக்கட்டும் என்று இவளுக்குத் தோன்றியது. அந்த அரை மணி நேரம் ஆறு நாற்பது வரை நீண்டுவிட்டது.

வராந்தாவில் சின்னவள் “ஏன் கூப்பிடல?” என்று கேட்டபோது பெரியவள் ஒரு கணம் இவளைப் பார்த்தாள். இவள் குனிந்து, பையில் ஏதோ படிவத்தைத் தேடினாள். அப்படி ஒரு படிவமே பையில் இல்லை.

இவளைக் கெட்டவள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் இப்படிப்பட்ட நல்லவர்களிடம் மாட்டிக்கொண்டு எத்தனை வீடு நாசமாகியிருக்கிறது என்று கணக்கெடுத்தால் கெட்டவர்களே தேவலாம் போலிருக்கும்.

சின்னவள் பையோடு வெளியே வந்தாள். செருப்பைத் தேடிப் போகாமல் பெரியவள் எதிரில் வந்து நின்றாள். அதுவே பெரிய விஷயம்.

“போறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இவ சொன்னதெல்லாம் பொய்னே வச்சுக்குவோம். நீ உன் வாயால சொல்லு. அன்னிக்கு ஏன் என்னைக் கூப்பிடல?”

“அத நான் சொல்ல மாட்டேன்” என்றாள் பெரியவள்.

“பாத்தியா சின்னக்கா? இந்தத் திமிருக்குத்தான் நீ பூசி மெழுகிட்டிருந்த.”

“அவ மேல ஒண்ணும் இல்லடி. எல்லாம் என் தப்பு” என்றாள் நடுவுள்ளவள் அவசரமாக. “நான்தான் ரெண்டு பேர்கிட்டயும் தப்பா சொல்லிட்டேன். என்னைத் திட்டிக்கோங்க. தீந்துது.”

“நீ எல்லாத்துக்கும் இப்படித்தான் சொல்லுவ” என்று சின்னவள் கையை வீசினாள். “பால் பொங்கினாலும் உன் தப்பு, மழை பெஞ்சாலும் உன் தப்பு.”

“எது உன் தப்பு?” என்று கேட்டாள் பெரியவள். “எல்லாம்னா என்ன அர்த்தம்? எதுன்னு பிரிச்சுச் சொல்லு.”

அவள் எழுந்தாள். அடுப்பு மேல் எதையோ வைத்துவிட்ட நினைவு வந்தவள் போல் சமையலறைப் பக்கம் திரும்பினாள்.

“உக்காரு” என்றாள் பெரியவள்.

உட்கார்ந்தாள். மூன்று பேருக்கும் நடுவில் அந்த மேஜை கிடந்தது. மின்விசிறி சுற்றியது, வியர்வை நிற்கவில்லை. பக்கத்து வீட்டில் யாரோ சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள், நிறுத்தினார்கள், மறுபடி அடித்தார்கள். அவளுடைய கை தானாகவே உப்பு ஜாடியை இழுத்து, மூடியைத் திருகி, திறந்து, மறுபடி திருகியது. சின்னவள் நின்றபடியே இருந்தாள். பெரியவள் யாரையும் பார்க்கவில்லை. பரீட்சை அறையில் மேற்பார்வைக்கு நிற்கும் டீச்சரைப் போல அவள் பாட்டுக்குக் காத்திருந்தாள்.

அலுவலகத்தில் இத்தனை நேரத்துக்குள் நாலு கடிதம் போயிருக்கும். அவளுக்கு வாய் வரை வார்த்தைகள் வந்தன. எல்லாமே அளவெடுத்த வார்த்தைகள். ‘அப்பா இருந்தா இத விரும்புவாரா?’ என்று ஒன்று. இதைச் சொன்னால் இருவரும் அழுவார்கள், அழுதால் முடிந்துவிடும். ‘எனக்கு நெஞ்ச அடைக்குது’ என்று இன்னொன்று. இதைச் சொன்னால் இருவரும் இவளைப் பிடித்துப் படுக்க வைத்துத் தண்ணீர் கொடுப்பார்கள், அப்போதும் முடிந்துவிடும். உண்மையிலேயே நெஞ்சை அடைக்கவும் செய்தது. திருடனுக்குத் தேள் கொட்டினால் எங்கே போய்க் கத்துவது?

இரண்டாவது முறையும் எழுந்தாள். இந்தத் தடவை பெரியவள் சும்மா நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் இவள் தப்பித்திருப்பாள். கோபத்துக்கு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியும். பெரியவளின் முகத்தில் அலுப்புதான் இருந்தது. நாலு வருஷமாகச் சின்னவள் தன்னைப்பற்றி என்னவென்று நினைத்துக்கொண்டு தன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள் என்பது அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அப்படியும் வாயைத் திறக்காமல் இருக்கிறாள். அவள் ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், சின்னவள் அவள் பக்கம் வந்துவிடுவாள். சொல்லவில்லை.

நடுவுள்ளவள் திரும்ப உட்கார்ந்தாள். தான் சொன்னால் சின்னவள் தன்னை விட்டுப் போய்விடுவாள். சின்ன வயசில் இவள் இடுப்பில் வளர்ந்தவள். வாரத்துக்கு மூன்று தடவை போன் செய்து கடைக் கதையெல்லாம் சொல்கிறவள். உலகத்தில் இவளைக் குறை சொல்லாத ஒரே ஆள். சொல்லாவிட்டால் அவள் பெரியவளை விட்டுப் போய்விடுவாள். யாரும் யாரையும் விட்டுப் போகாத மூன்றாவது வழி ஒன்று இருக்குமா என்று அவள் மனசு அப்போதும் தேடிக்கொண்டுதான் இருந்தது. தேடித் தேடி அவளுக்கே களைப்பாகிவிட்டது.

மணி நாலேகால் ஆகியிருந்தது. சின்னவள் பையைத் தோளில் மாட்டினாள்.

“உன்னைக் கூப்பிடச் சொல்லிப் பெரியக்கா என்கிட்ட சொன்னா” என்றாள் நடுவுள்ளவள்.

சின்னவள் திரும்பினாள்.

“மூணே காலுக்குச் சொன்னா. உடனே பஸ் ஏறச் சொல்லுன்னா. நான் உனக்குப் போன் பண்ணல. உன் நம்பர எடுத்தேன். எடுத்துட்டு உள்ள வச்சுட்டேன். நீங்க ரெண்டு பேரும் அங்க நின்னு சண்ட போடுவீங்கன்னு பயம். பயம்கூட இல்ல. எனக்கு அந்தச் சண்டையில நிக்க முடியல, அவ்வளவுதான்.”

சின்னவள் பையை இறக்கவில்லை, உட்காரவும் இல்லை. பெரியவளைப் பார்த்தாள். பெரியவள் தலையை மட்டும் ஆட்டினாள். ஆணி அடிப்பது எப்போது நின்றது என்று யாரும் கவனிக்கவில்லை.

“மூணே கால்” என்றாள் சின்னவள். அவள் உதடு அசைந்தது, கணக்குப் போட்டாள். “நான் கடையிலதான் இருந்தேன். பஸ் ஸ்டாண்ட் எதிர்ல. மூணரை பஸ்ஸப் பிடிச்சிருந்தா அஞ்சரைக்கு வந்திருப்பேன்.”

அஞ்சரைக்கு அப்பாவுக்கு நினைவே இல்லை என்று சொல்லிவிடலாம். நாக்கின் நுனியில் இருந்தது. அது கருணையாகவும் இருக்கும். பெரியவள்கூட மறுத்துப் பேச மாட்டாள் என்று இவளுக்குத் தெரியும். மென்று விழுங்கினாள்.

“ஆமா” என்றாள். “வந்திருக்கலாம்.”

“அப்பாவுக்கு நினைவு இருந்துச்சா?”

“ஆறு மணி வரைக்கும் இருந்துச்சு.”

சின்னவளின் தோளிலிருந்து பை நழுவி முழங்கைக்கு வந்தது. அவள் அதைச் சரி செய்யவில்லை. ‘உக்காருடி’ என்று சொல்ல வேண்டும், தண்ணீர் கொடுக்க வேண்டும், முதுகைத் தடவ வேண்டும் என்று இவளுடைய உடம்பெல்லாம் பறந்தது. நாற்காலியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். தான் கொடுத்த வலிக்குத் தானே மருந்து போடப் போனால், அது சின்னவளுக்காகச் செய்வதாக இருக்காது. அவ்வளவு மட்டும் அவளுக்கு அப்போது புரிந்தது.

“என்னைக் கேட்டாரா?”

இந்தக் கேள்வி வரும் என்று அவளுக்கு நாலு வருஷமாகத் தெரியும். பஸ்ஸில், குளிக்கும்போது, கடிதம் அடிக்கும்போது எல்லாம் இதற்குப் பதில் தயாரித்து வைத்திருந்தாள். ஒவ்வொரு பதிலும் அழகாக இருந்தது.

“கேட்டார். ரெண்டு தடவ. ‘சின்னவ எங்க?’ன்னார்.”

“நீ என்ன சொன்ன?”

“வந்துட்டிருக்கான்னு சொன்னேன்.”

பெரியவள் மெல்லத் தலையைத் திருப்பி இவளைப் பார்த்தாள். அது அவளுக்கும் புதிது. அந்த நேரத்தில் அவள் மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். “அடிப்பாவி” என்றாள், சத்தமில்லாமல்.

சின்னவள் ஒரு கையை மேஜை மேல் ஊன்றினாள். இவள் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்ப்பது கஷ்டமாக இருந்தது. எத்தனையோ வருஷமாக யார் முகத்தையும் இப்படி, அது தானாக மாறும் வரை, பார்த்ததில்லை. ஒரு முகம் சுளிக்கத் தொடங்கும்போதே ஓடிப்போய் எதையாவது சொல்லிவிடுவாள்.

“அதுக்கு அப்பா என்ன சொன்னார்?” என்று சின்னவள் கேட்டாள். குரல் உடைந்திருந்தது.

“‘பஸ்ஸத் துரத்திட்டு ஓடி வரப்போறா. நான் இங்கதான் இருப்பேன், மெதுவா வரச் சொல்லு’ன்னார்.”

அதை இன்றுவரை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அப்பா கொடுத்து அனுப்பிய கடைசிச் சேதி. ஊரில் இல்லாத சேதியெல்லாம் கொண்டுபோய்க் கொடுத்தவள் இதை மட்டும் கொடுக்கவில்லை.

சின்னவள் அழுதாள். வாயைப் பொத்திக்கொள்ளாமல், சின்னப் பிள்ளை அழுவது போல் நின்றபடியே அழுதாள். பெரியவள் எழுந்துபோய் அவள் முழங்கையில் தொங்கிய பையைக் கழற்றிக் கீழே வைத்தாள். சின்னவள் அவள் மேல் சாய்ந்துகொண்டாள். பெரியவளுக்கும் கண்ணில் நீர் வந்துவிட்டது. “எனக்குத் தெரியாதுடி. அவர் கேட்டது எனக்குத் தெரியாது” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

நடுவுள்ளவள் மேஜைக்கு இந்தப் பக்கம் தனியாக இருந்தாள். அவள் ஆசைப்பட்டது என்னவோ அதுதான் கண் எதிரில் நடந்துகொண்டிருந்தது, அக்காளும் தங்கையும் ஒன்றாக நிற்பது. அதில் அவளுக்கு இடமில்லை. மன்னிப்பு என்று ஒரு வார்த்தை இருக்கிறது, அதை இப்போது சொல்லலாமா என்று யோசித்தாள். ஆயிரக்கணக்கில் எழுதிய வார்த்தை. இப்போது சொன்னால், அழுகிறவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு இவளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் சொல்லவில்லை.

ஐந்து மணி தாண்டியது. பஸ்ஸைப் பற்றி யாரும் பேசவில்லை. சின்னவள் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். மூக்கு சிவந்திருந்தது. பெரியவளின் பக்கத்து நாற்காலியை இழுத்து, மேஜைக்கு அந்தப் பக்கம், இவளுக்கு நேர் எதிரில் உட்கார்ந்தாள்.

“உன்னை என்ன பண்றதுன்னே எனக்குத் தெரியல சின்னக்கா” என்றாள். “உன் மூஞ்சியப் பாக்கவே பிடிக்கல.”

“ம்.”

“அழாத. நீ அழுதா நான் உன்னைச் சமாதானம் பண்ணணும். என்னால முடியாது.”

“அழல.”

“நாலு மணிக்கு நீ உள்ள போன இல்ல? அதுலேர்ந்து ஆரம்பி. அப்பா எந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார், என்ன சட்டை போட்டிருந்தார், தண்ணி குடிச்சாரா, ஒண்ணு விடாம சொல்லு. எனக்காகக் குறைச்சுச் சொல்லாத.”

நடுவுள்ளவளுக்கு ஒரு வாய் தண்ணீர் குடித்தால் நன்றாக இருக்கும். சமையலறை நாலு எட்டுதான்.

“ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்” என்று ஆரம்பித்தாள்.